ரோலர் கோஸ்டருக்கு எந்த லென்ஸ்

குடும்பத்தோடு தீம் பார்க் போகிறவன் ஒரு லென்ஸுக்கு மேல் எடுத்துப் போகக் கூடாது. லென்ஸ் வாடகைக்கு விடும் கடையில் பதினாறு வருடமாகக் கவுண்ட்டரில் நிற்கிறேன். இதைக் குறைந்தது ஆயிரம் பேருக்காவது சொல்லியிருப்பேன். வருகிறவர்களின் கண் முதலில் போவது இருப்பதிலேயே பெரிய லென்ஸ் மேல்தான். கண்ணாடி அலமாரியில் அது வெள்ளையாக, முழங்கை நீளத்துக்கு நிற்கும். அதை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு சுவர்க் கண்ணாடியில் தங்களையே ஒருமுறை பார்த்துக்கொள்வார்கள். நான் விடமாட்டேன். பிள்ளை கையைப் பிடிக்கப் போகிறீர்களா, இதைப் பிடிக்கப் போகிறீர்களா என்று கேட்பேன். முப்பத்தைந்து மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று இருக்கிறது. எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிது, மேல்சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம், பக்கத்தில் நிற்கிறவர்களை அழகாக எடுக்கும். அதைக் கையில் திணித்து அனுப்புவேன். திரும்பி வந்து நன்றி சொல்லாதவர்கள் குறைவு.

ஊருக்கு உபதேசம் செய்வதில் நான் கெட்டிக்காரன். என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன், பிறகு நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

என் மகளை வீட்டில் கடுகு என்றுதான் கூப்பிடுவோம். வகுப்பிலேயே அவள்தான் குட்டை, காரத்துக்கு மட்டும் குறைவில்லை. அவளுக்கு எட்டு வயதாக இருக்கும்போது அந்தப் பார்க்குக்கு முதல் தடவை போனோம். பெரிய ரோலர் கோஸ்டரின் வாசலில் உயரம் பார்க்க ஒரு பலகை வைத்திருந்தார்கள். நூற்று முப்பது சென்டிமீட்டரில் ஒரு சிவப்புக் கோடு. கடுகு அந்தக் கோட்டுக்கு நான்கு விரல் கீழே நின்றாள். குதிகாலைத் தூக்கிப் பார்த்தாள். வாசல் ஊழியர் சிரித்துக்கொண்டே தோளைத் தொட்டு இறக்கிவிட்டார். வண்டி நிறுத்தின இடம் வரைக்கும் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அழுகிற பிள்ளையைச் சமாதானம் செய்துவிடலாம், பேசாத பிள்ளையை என்ன செய்வது? நான்தான் வாயைக் கொடுத்தேன். நீ வளர்ந்ததும் வருவோம், முன்வரிசையில் உனக்கு ஒரு சீட்டு, பக்கத்து சீட்டு எனக்கு என்றேன்.

"பாதியில மாத்த மாட்டீங்களே?" என்று கேட்டாள். மாற்றமாட்டேன் என்று தலையில் கைவைத்துச் சொன்னேன்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் அவளுக்கு வேறு வேலையே இல்லை. கடையில் ஒதுக்கிப்போட்ட ஒரு ட்ரைபாட் வீட்டில் கிடந்தது. அதை டேப் வைத்து அளந்து சரியாக நூற்று முப்பது சென்டிமீட்டரில் நிறுத்தித் தரச் சொன்னாள். பூட்டுகளை இறுக்கி அவள் கட்டில் பக்கத்தில் வைத்தேன். தினமும் பள்ளிக்கூடம் கிளம்பும் முன் அதன் பக்கத்தில் நின்று தலைமேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்துக்கொள்வாள். பால் என்றாலே முகம் சுளிக்கிறவள் கேட்டு வாங்கிக் குடித்தாள். பத்து வயது முடிந்த மாதத்தில் ஒருநாள் காலை பல்லில் பேஸ்ட்டோடு ஓடி வந்து என்னை எழுப்பினாள். உள்ளங்கை ட்ரைபாட்டின் தலையைத் தாண்டிப் போயிருந்தது. அப்போதே நாளும் குறித்தாகிவிட்டது, இன்னும் மூன்று வாரம்.

அந்த மூன்று வாரமும் நான் யோசித்தது அவளைப் பற்றியா? இல்லை. எந்த லென்ஸ் என்றுதான் யோசித்தேன்.

அதற்கு ஒரு காரணம் உண்டு, நியாயமான காரணம் இல்லை. எங்கள் கடையில் கவுண்ட்டருக்குப் பின்னால் ஒரு சுவர் இருக்கிறது. எங்களிடம் லென்ஸ் எடுத்துப் போனவர்கள் எடுத்த நல்ல படங்களைப் பெரிதாக அச்சடித்து முதலாளி அதில் மாட்டிவைப்பார். அப்போது நான் வேலைக்குச் சேர்ந்து பதின்மூன்று வருடம். சுவர் நிறைந்துவிட்டிருந்தது, அதில் என் படம் ஒன்றுகூட இருக்கவில்லை. ஒருமுறை ஒரு வாடிக்கையாளர், இதில் உங்கள் ஆள் எடுத்தது எது என்று முதலாளியிடம் கேட்டார். முதலாளி என் தோளில் தட்டி, இவருக்கு லென்ஸைப் பற்றி எல்லாம் தெரியும், படம் எடுக்க மட்டும்தான் தெரியாது என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அவர் விளையாட்டாகத்தான் சொன்னார், நல்ல மனிதர். எனக்குத்தான் அது தொண்டையில் முள்ளாக நின்றுவிட்டது.

கிளம்புவதற்கு முந்தைய நாள் மாலை கட்டில்மேல் துண்டை விரித்து நான்கு லென்ஸ்களை வரிசையாக வைத்தேன். முழுக் குடும்பமும் பின்னால் இருக்கிற பார்க்கின் கோட்டைக் கட்டடமும் ஒரே படத்தில் வர ஒரு வைட் லென்ஸ். நடந்துகொண்டே எடுக்க ஒரு நடுத்தர ஜூம். இருட்டுக் குகைச் சவாரிக்கு அந்தச் சின்ன முப்பத்தைந்து. கடைசியாக, முதலாளியிடம் கெஞ்சி வாங்கி வந்த அந்த வெள்ளை டெலி லென்ஸ். இருநூறு அடி தூரத்திலிருந்து முகத்தில் இருக்கும் மச்சத்தைக்கூட எடுத்துவிடும். என் மனைவி துணி மடித்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

"நாம போறது பார்க்குக்கா, போருக்கா?"

கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று நான் முணுமுணுத்தது அவள் காதில் விழுந்திருக்க வேண்டும். மடித்த துணியை அந்த வெள்ளை லென்ஸின்மேலேயே வைத்துவிட்டுப் போனாள். கடுகு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். சின்னதைக் கையில் எடுத்தாள்.

"இது போதும்ப்பா. இதுன்னா பையில போட்டுக்கிட்டு என்கூட உக்காரலாம்."

ஆயிரம் பேருக்கு நான் சொன்னதைத்தான் அவள் எனக்குத் திருப்பிச் சொன்னாள். நான் கன்னத்தைத் தட்டி, இதெல்லாம் சும்மா படம் எடுக்கிறவர்களுக்கு, அப்பா எடுக்கப் போவது வேறு என்றேன்.

என் திட்டம் இதுதான். ரோலர் கோஸ்டர் உச்சிக்குப் போய்த் தலைகுப்புற விழும் இடம் கிழக்கைப் பார்த்திருக்கிறது. பார்க்கின் வரைபடத்தை வைத்துக் கணக்குப் போட்டிருந்தேன். திறந்த உடனே ஓடுகிற முதல் ஓட்டத்தில் வெயில் நேராக முகத்தில் விழும். பிறகு சூரியன் மேலே ஏறிவிடும், கண்ணுக்குக் கீழே நிழல் கட்டிவிடும். ஆகவே எடுத்தால் முதல் ஓட்டத்தில் எடுக்க வேண்டும். ஒரே சமயத்தில் சீட்டில் உட்காரவும் இருநூறு அடி தள்ளி நின்று படம் எடுக்கவும் எந்த மனிதனாலும் முடியாது. இது எனக்கு மூன்று வாரமாகத் தெரியும். நான் யாரிடமும் சொல்லவில்லை, என்னிடமே சொல்லிக்கொள்ளவில்லை.

கதவு திறக்கும் முன்பே போய் நின்றோம். கடுகு மஞ்சள் டீஷர்ட் போட்டிருந்தாள். மஞ்சள் போடச் சொன்னது நான், வானத்துக்கு எதிரே எடுப்பாக இருக்கும் என்று. திறந்ததும் ஓடினோம், எங்களுக்கு முன்னால் பத்துப் பேர்கூட இல்லை. உயரப் பலகையின் அடியில் அவள் விறைப்பாக நின்றாள். ஊழியர் தலைமேல் கட்டையை வைத்துப் பார்த்துவிட்டுக் கட்டைவிரலைக் காட்டினார். அவள் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. அந்தச் சிரிப்பை நான் படம் எடுக்கவில்லை, பெரிய லென்ஸை மாட்டிக்கொண்டு இருந்தேன்.

பை, கேமரா எதுவும் மேலே எடுத்துப் போகக் கூடாது, லாக்கரில் வைத்துவிட்டு வாருங்கள் என்றார் ஊழியர். எனக்கு வசதியாகப் போயிற்று. எங்கள் கடை விதிப்படி, வாடகை லென்ஸ் எடுத்தவர் கையை விட்டு இறங்கக் கூடாது, லாக்கரில் வைக்கவே கூடாது. யாரோ லாக்கரில் வைத்து நனைத்துப் பூஞ்சை பிடிக்க வைத்த பிறகு அந்த வரியை விண்ணப்பத்தில் சேர்த்தவனே நான்தான். அதை என் மனைவியிடம் எடுத்துச் சொன்னேன். அவளுக்குச் சவாரி என்றாலே தலைசுற்றும், எதிலும் ஏறுவதில்லை.

"குடுங்க, நான் வச்சுக்கறேன்," என்று இரண்டு கையையும் நீட்டினாள். "நீங்க அவகூடப் போங்க."

"உனக்கு இதைப் பிடிக்கத் தெரியாது," என்றேன்.

கழுத்து நிற்காத பிள்ளையைக் கையில் பிடித்து வளர்த்தவள். ஒரு லென்ஸைப் பிடிக்கத் தெரியாதா? விதியும் இல்லை, லாக்கரும் இல்லை, பூஞ்சையும் இல்லை. எனக்குப் படம் வேண்டும், அவ்வளவுதான். அதை அன்றைக்கே ஒத்துக்கொண்டிருந்தால் பாதிப் பாவமாவது குறைந்திருக்கும்.

குனிந்து கடுகிடம் சொன்னேன், முதல் ஓட்டம் அப்பா படம் எடுப்பேன், இரண்டாவது ஓட்டம் நாம் இரண்டு பேரும் சேர்ந்து போவோம், நடுவில் ஐந்தே நிமிஷம்தான்.

"முதல் தடவை வரலையா?"

ஐந்து நிமிஷம் என்றேன் மறுபடியும். அவள் என் தோளில் தொங்கிய வெள்ளை லென்ஸைப் பார்த்தாள். பிறகு "சரி" என்றாள். பிள்ளைகள் சரி என்று சொன்னால் போதும், பெரியவர்களுக்கு அதற்கு மேல் கேட்கத் தோன்றுவதில்லை. சவாரி ஏறும் மேடை வரைக்கும் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு படியேறிப் போனாள். நான் கம்பி வேலிப் பக்கம் ஓடினேன்.

வெயில் நான் கணக்குப் போட்ட மாதிரியே விழுந்தது. வண்டி உச்சியில் ஒரு கணம் நின்றது. லென்ஸுக்குள் அவள் முகம் நிறைந்திருந்தது. கீழே சாய்ந்ததும் விரலை எடுக்காமல் அழுத்தினேன். இருபத்திரண்டு படம் விழுந்தது, அதில் ஒன்று தெய்வமே எடுத்துக் கொடுத்த மாதிரி இருந்தது. முன்வரிசையில் மஞ்சள் டீஷர்ட், பறக்கிற முடி, முழுசாகத் திறந்த வாய். ஒரு கை தன் கம்பியில், இன்னொரு கை பக்கத்து காலிச் சீட்டின் கம்பியில். சின்னத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். கண் இமை ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அவள் இறங்கி வந்தபோதும் நான் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். "பாரு கடுகு, பாரு" என்று காட்டினேன். பார்த்தாள். நல்லா இருக்கு என்றாள். வா, இப்போது நம் இரண்டு பேர் முறை என்று கேமராவைக் கழற்றி மனைவியிடம் நீட்டினேன். இப்போது மட்டும் அவளுக்குப் பிடிக்கத் தெரிந்துவிட்டது போல. ஆனால் கடுகு வேண்டாம் என்றாள், வயிறு ஒரு மாதிரி இருக்கிறது என்றாள். சரி, முதல் தடவை அல்லவா, அப்படித்தான் இருக்கும் என்று ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன். அது கையில் உருகிச் சொட்டும் வரை அவள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அதையும் படம் எடுத்தேன், நடுத்தர ஜூமில். சாயங்காலம் வரை நான்கு லென்ஸையும் மாற்றி மாற்றி எடுத்தேன். அவள் மறுபடி அந்தப் பக்கம் வரவே இல்லை.

முதலாளி படத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். சுவரின் நடுவிலிருந்த படத்தை இறக்கிவிட்டு இதை இரண்டு மடங்கு பெரிதாக மாட்டினார். அன்று சொன்னதை வாபஸ் வாங்குகிறேன் என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். வருகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். என்ன தைரியம் பாருங்கள் இந்தப் பெண்ணுக்கு என்பார்கள். ஒருவர், கொஞ்சம் விஷயம் தெரிந்தவர், இடது பக்கம் அந்தச் சீட்டைக் காலியாக விட்டீர்களே, அதுதான் படத்துக்கு உயிர் என்றார். ஆமாம், யோசித்துத்தான் விட்டேன் என்றேன். பொய்யில்லை. யோசித்துத்தான் விட்டேன், மூன்று வாரம்.

வீட்டில் ஒரு பிரதி மாட்டலாம் என்று கொண்டுபோனேன். அது கடைக்குத்தான் லாயக்கு என்று மனைவி அதைப் பீரோவுக்குப் பின்னால் சொருகிவிட்டாள். ஏன் என்று சண்டை போட்ட அன்றைக்குத்தான் மேடையில் நடந்ததைச் சொன்னாள். சீட்டில் உட்கார்த்திக் கம்பியை இறக்கும் முன் அங்கிருந்த ஊழியர், பக்கத்தில் யாராவது வருகிறார்களா என்று கேட்டாராம். அப்பா அடுத்த ரவுண்டில் வருவார், அதுவரைக்கும் அந்த இடத்தில் யாரையும் விடாதீர்கள் என்று கடுகு சொன்னாளாம். கூட்டமும் இல்லாததால் அவரும் விட்டுவிட்டாராம். இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்று நான் கத்தினேன்.

"கண்ணு கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் பண்ணி என்ன ஆகப்போகுது?" என்று கேட்டுவிட்டு அவள் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு லீவுக்கும் நான் கேட்டேன். பார்க்குக்குப் போகலாமா கடுகு? பரீட்சை என்றாள், தோழியின் வீடு என்றாள், வெயில் என்றாள். கோபமாக ஒருநாளும் சொன்னதில்லை. கோபித்திருந்தால் காலில் விழுந்தாவது சரிக்கட்டியிருப்பேன். கடைக்கு வரும்போது அந்தச் சுவர்ப் பக்கம் முதுகு இருக்கிற மாதிரி உட்காருவாள். அதைக்கூட நான் வெகுநாள் கழித்துத்தான் கவனித்தேன்.

மூன்று வருடம் ஓடிவிட்டது. இந்த லீவுக்கு என் மனைவியின் தங்கை மகள் வந்திருந்தாள். ஒன்பது வயது, ஓயாமல் பேசுவாள், மைனா என்று பெயர் வைத்திருந்தோம். அவள் பார்க் பார்க் என்று ஒற்றைக்காலில் நிற்க, கடுகு சரி என்றாள். லென்ஸ் எதையும் தொடவில்லை, கேமராவையே எடுக்கவில்லை. வெறும் கையோடு, முதல் தடவையாக வெறும் கையோடு கிளம்பினேன். இன்றைக்கு எப்படியாவது அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட வேண்டும். மூன்று வருடக் கடனை ஐந்து நிமிஷத்தில் தீர்த்துவிட வேண்டும். வழியெல்லாம் அதே நினைப்பு.

உயரப் பலகையில் மைனா ஒரு விரல் அதிகமாகவே இருந்தாள். ஆனால் வரிசை நெருங்க நெருங்க அவள் வாய் மூடிக்கொண்டது. உச்சியிலிருந்து வண்டி விழும் சத்தம் வரும்போதெல்லாம் கடுகின் சட்டையை இழுத்தாள். நான் அதையெல்லாம் பார்த்தும் பார்க்கவில்லை. முன்வரிசையில் இரண்டு சீட்டுதான். நான் முந்திக்கொண்டேன்.

"நாம ரெண்டு பேரும் முன்னாடி உக்காருவோம் கடுகு. மைனா பின்வரிசையில உக்காரட்டும், அவ பக்கத்துல யாராவது வருவாங்க."

சொல்லி முடிக்கும்போதே எனக்குச் சுருக்கென்றது. ஆனால் வார்த்தை வெளியே போய்விட்டது.

கடுகு என்னைப் பார்த்தாள். இப்போது அவள் அம்மாவைவிட உயரம், கண்ணுக்கு நேராகவே பார்க்கலாம். முகத்தில் கோபம் இல்லை. பெரியவர்கள் ஒன்று தெரியாமல் பேசும்போது எடுத்துச் சொல்வோமே, அப்படித்தான் சொன்னாள்.

"அவளைத் தனியா உக்கார வைக்க வேணாம்ப்பா. முதல் தடவை ரொம்பப் பயமா இருக்கும். அன்னைக்கு மேலயிருந்து விழும்போது நான் அப்பா, அப்பான்னுதான் கத்தினேன். நீங்க தூரத்துல நின்னீங்க, உங்களுக்குக் கேட்டிருக்காது."

முழுசாகத் திறந்த வாய். அதைத்தான் மூன்று வருடமாக வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சிரிப்பு என்று காட்டிக்கொண்டிருந்தேன். எத்தனை பேர் தைரியம் என்று சொல்ல, நான் தலையாட்டியிருக்கிறேன். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் வரிசை நகர்ந்து, கடுகு மைனாவைத் தோளோடு அணைத்துக்கொண்டு படியேறிவிட்டாள். போகும்போது இரண்டு பேருடைய தண்ணீர் பாட்டிலையும் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

மனைவி தூரத்து நிழலில் உட்கார்ந்திருந்தாள். நான் வேலியோரமாக நடந்து போய்த் தண்டவாளத்துக்கு நேர் கீழே நின்றேன். அதற்கு மேல் பக்கத்தில் யாரும் போக முடியாது. வண்டி உச்சியில் நின்றது, விழுந்தது. இருபது பேர் ஒன்றாகக் கத்தினார்கள். அதில் என் பெண்ணின் குரலைப் பிரித்தெடுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். முடியவில்லை. இரைச்சலில் யாருக்கும் எதுவும் கேட்காது என்பது உண்மைதான். பத்து வயதில் தனியாக விழுந்த பிள்ளை, அப்பனுக்காக இந்தச் சமாதானத்தைத் தானே கண்டுபிடித்து மூன்று வருடமாக வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அதைவிட அவள் என்னைத் திட்டியிருக்கலாம்.